வெட்டப்படவிருந்த மரம்



அண்மையில் பள்ளியில் பெற்றோரைச் சந்தித்தபோது ஒரு தாயார், "டீச்சர், அவகாடோ முழுக்கக் கொழுப்பாமே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று வினவினார். 'வெண்ணெய்ப் பழம்' என நாம் வழங்கும் பெயரே அவ்வச்சத்தை வளர்த்திருக்கலாம். "தாராளமாகக் கொடுக்கலாம்" என்றேன். அன்று விரிவாகக் கூற நேரமில்லாது போன வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

இப்பழத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அஸ்டெக் மக்கள் தம் நாவாட்டில் மொழியில் இதனை 'அவாகட்ல்' என்றனர். அச்சொல்லே ஸ்பானியர் நாவில் திரிந்து, பின்னர் 'அவகாடோ' ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியத் தோட்டங்களில் 'ஃபுவெர்ட்டே' என்னும் வகையே கோலோச்சியது. அங்கு லா ஹாப்ரா ஹைட்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஹாஸ் என்னும் தபால்காரர் 1920களில் சிறு தோட்டம் ஒன்றை அமைத்தார். விதைகளை முளைக்க வைத்து, அக்கன்றுகளில் ஃபுவெர்ட்டே கிளைகளை ஒட்டுக் கட்டினார். ஒரு கன்றில் மட்டும் ஒட்டு பிடிக்கவேயில்லை. அதனை வெட்டிவிட எண்ணினார். ஒட்டுக் கட்டும் தொழிலாளியோ, கன்று வலிமையாக இருப்பதால் வளர விடும்படி அறிவுரை கூறினார்.

மரம் காய்த்தது. பழுத்தபோது தோல் கறுத்துச் சொரசொரப்பாக இருந்தது. பச்சைத் தோலையே விரும்பிய சந்தைக்கு அது ஏற்றதாகத் தோன்றவில்லை. எனினும் அவருடைய பிள்ளைகள் சுவைத்துப் பார்த்து, ஃபுவெர்ட்டேயைவிட இதுவே சுவையானது என்றனர். தந்தை செவிசாய்த்தார், 1935இல் அம்மரத்திற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகச் சந்தையில் பெரும்பங்கு வகிப்பது அந்த 'ஹாஸ்' வகைதான். தாய்மரம் 2002ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தது.

கத்திக்குத் தப்பிய பழம் கொழுப்புப் பழிக்குத் தப்பவில்லை. 1980களில் கொழுப்பு என்றாலே தீது என்னும் எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியது. உணவுப் பொட்டலங்களில் 'ஆரோக்கியமானது' என அச்சிட, 1994இல் அந்நாடு வகுத்த விதி மொத்தக் கொழுப்புக்கு வரம்பிட்டது. அவகாடோ அவ்வரம்பைத் தாண்டியது. 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட விதி இப்பழத்திற்கு இடமளிக்கிறது.

உண்மையில் 100 கிராம் அவகாடோவில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு உண்டு. அதில் சுமார் 10 கிராம் ஒலிவ எண்ணெயில் இருப்பதைப் போன்ற நல்ல கொழுப்பு; இதயத்திற்குத் தீதான நிறை கொழுப்போ சுமார் 2 கிராம்தான். நார்ச்சத்து ஏறத்தாழ 7 கிராம். பொட்டாசியம் வாழைப்பழத்தில் உள்ளதைவிட அதிகம். கேரட், கீரை ஆகியவற்றிலுள்ள கரோட்டினை உடல் ஏற்கவும் இக்கொழுப்பு துணைபுரிகிறது. ஆயினும் 160 கலோரி இருப்பதால் அளவு தேவை. குவளை நிறையச் சீனிப்பாகும் சாக்லேட்டும் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தால், பழியைப் பழத்தின்மேல் போடுதல் முறையன்று.

அத்தாயாரை மீண்டும் காணும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன்: பழத்தை நறுக்கிப் பிள்ளையிடம் கொடுத்து, சுவை எப்படி என்று அவனையே கேளுங்கள். ஹாஸ் வீட்டில் தீர்ப்புச் சொன்னவர்கள் பிள்ளைகளே அல்லவா!