இல்லாமற்போன ஐரோப்பாவில் ஒரு நடைப்பயணம்

1933 டிசம்பர் மாதத்தில், மழை கொட்டிய ஒரு நாளில், 18 வயது இளைஞன் ஒருவன் லண்டனில் கப்பலேறினான். ஹாலந்தில் இறங்கி, கான்ஸ்டான்டிநோபிள் வரை நடந்தே செல்வது அவன் திட்டம். பெயர் பாட்ரிக் லீ ஃபெர்மர். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவன்; ராணுவக் கல்லூரியில் சேரும் எண்ணத்தையும் கைவிட்டவன். வாரம் ஒரு பவுண்டு என்ற கணக்கில் வழியில் வந்துசேரும் பணமும் ஒரு முதுகுப்பையும் சில கவிதை நூல்களுமே அவன் உடைமை.

மேற்படிப்புக்கோ வேலைக்கோ முன்பு ஓராண்டு ஊர்சுற்றுவது இன்று மேலைநாடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரபுக்களின் பிள்ளைகள் ஆசிரியர் துணையுடன் இத்தாலிவரை சென்றுவந்த 'பெரும்பயண'த்தை இதன் முன்னோடி எனலாம். லீ ஃபெர்மருக்கு ஆசிரியரும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. வைக்கோற்கொட்டகையில் ஒருநாள், மாளிகையில் மறுநாள் எனக் கழிந்தன இரவுகள்.

ஹிட்லர் பதவியேற்று ஓராண்டுகூட நிறையாத ஜெர்மனியை அவன் கடந்தான். 1934 பிப்ரவரியில் வியன்னாவை அடைந்தபோது அங்கே உள்நாட்டுச் சண்டை. கார்பாத்திய மலைக்காட்டில் மரம்வெட்டும் முகாமொன்றில் சில யூதர்களைச் சந்தித்தான். சத்து மாரே நகரிலிருந்து வந்திருந்த மதகுரு ஒருவர் ஹீப்ரு சங்கீதங்களை வாசித்துக்காட்ட, அவன் ஆவலுடன் கேட்டான். தான்யூப் நதியில் துருக்கியர் வாழ்ந்த அடா காலே தீவையும் பார்த்தான். 1934 முடியும் தறுவாயில் இலக்கை அடைந்தான்.

பத்தே ஆண்டுகள். 1944 மே மாதத்திலிருந்து சத்து மாரே யூதர்கள் ஆயிரக்கணக்கில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். இரும்பு வாயில் அணை கட்டப்பட்டபோது அடா காலே நீரில் மூழ்கியது.

பயணத்தின் முதல் நாட்குறிப்பு ம்யூனிக்கிலேயே திருடுபோயிற்று. பிந்தைய ஒன்றை, 1939இல் போருக்குச் செல்லுமுன், ருமேனியாவில் தன் காதலி பலாஷா கான்டகுஸீனின் வீட்டில் விட்டுச்சென்றார். 1949இல் கம்யூனிஸ்ட் அரசு அக்குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றியது. அவசரமாகப் பொருள்களைக் கட்டிய அந்தச் சில நிமிடங்களில் பலாஷா அந்த நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டார். 1965இல் அது உரியவர் கைக்குத் திரும்பியது.

பயண நூலின் முதற்பாகம் 1977இல் வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 62. இரண்டாம் பாகம் 1986இல் வந்தது. முற்றுப்பெறாத மூன்றாம் பாகம், அவர் மறைந்து ஈராண்டு கழித்து 2013இல் வெளியாயிற்று. ஹங்கேரியச் சமவெளியில் குதிரையேறிச் சென்ற பகுதியில் கற்பனை கலந்திருப்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். எனவே இதனைக் கறாரான ஆவணமாகக் கொள்ள இயலாது.

ஆயினும் வரலாற்று நூல்கள் தர முடியாத ஒன்று இதில் உண்டு. வரலாற்றாசிரியனுக்கு முடிவு தெரியும். நடந்து சென்ற இளைஞனுக்குத் தெரியாது. அம்முகாமில் அன்று இருந்தவர்கள் அவனுக்குப் பலியாகப் போகிறவர்கள் அல்லர். ஓர் இரவு தன்னுடன் பேசியிருந்த மனிதர்கள். வேலையற்றுத் திரிந்த ஓராண்டில் அவன் ஈட்டியது இந்தப் பார்வையைத்தான். அதைச் சொல்லி முடிக்க ஓர் ஆயுள் போதவில்லை.