எதிராளியின் ஆயுதம்

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் கோயில் திருவிழாவின்போது சிலம்பம் சுற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். கம்புக்குக் கம்பு என்றால் ஆட்டம் சமம். எதிரில் நிற்பவரின் ஆயுதமும் அடிமுறையும் வேறாக இருந்தால் என்ன செய்வது? நம் முன்னோரின் சரித்திரத்தில் இதற்கு ஒரு பாடம் உண்டு.

1801ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை இருந்தார். மார்ச் 31ஆம் நாள் கும்பினிப் படை பீரங்கியால் மதிலை உடைத்து, அந்த உடைப்பின் வழியே ஏறிற்று. சிப்பாயின் துப்பாக்கி, முனையில் செருகிய கத்தியோடு சேர்த்து ஏறக்குறைய 6 அடி. ஒருமுறை சுட்டால், மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் வேண்டும். கோட்டை வீரரின் ஈட்டியோ 15 அடிக்கு மேல். உடைப்பில் கால் வைத்தவர்களை அவர்கள் உள்ளிருந்தபடியே குத்தினார்கள். சிப்பாயின் கத்தி அவர்களை எட்டவில்லை. கும்பினிப் படை பின்வாங்கிற்று.

நீண்ட ஆயுதத்திற்கும் ஒரு குறை உண்டு. அதன் நுனியைத் தாண்டி எதிராளி நெருங்கிவிட்டால் அது உதவாது. அது எட்டாத தூரத்தில் அவன் நின்றுகொண்டாலும் உதவாது. கும்பினியார் அடுத்த முறை பெரும்படையும் பெரிய பீரங்கிகளும் தருவித்து, தூரத்தில் நின்றே மதிலை இடித்தனர். மே 24ஆம் நாள் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை தப்பிச் சென்று, சிவகங்கை மருது சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார்.

இங்கே ஒரு வேதனையான செய்தி. கும்பினிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முன்பு கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். 1830இல் வெளிவந்த தம் நூலில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார். தமக்குக் கற்றுத் தந்தவரையே வேட்டையாட நேர்ந்ததை எண்ணி வருந்தியும் இருக்கிறார். 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர்.

டிசம்பர் 1ஆம் நாள், பாளையத்து மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கும்பினி அறிவித்தது. ஈட்டியும் வாளும் போயின; கம்பு மிஞ்சியது. அந்தக் கம்பு வித்தைதான் கடல் கடந்து, பால்மரக் காட்டுக்கு வந்த நம் பாட்டன்மாரோடு இங்கும் வந்தது.

ஆகவே, சிலம்பம் பழகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். புதிய முறைக்காரர் எதிரில் நின்றால், உடனே அடிக்கப் பாயாதே. அவர் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று முதலில் பார். சீலாட் பழகியவர் நெருங்கிவந்து பிடிப்பதிலும் வீழ்த்துவதிலும் தேர்ந்தவர். அவரைக் கம்பின் நுனியிலேயே நிறுத்து. உன் கம்பைவிட நீண்ட கம்பு வந்தால், தள்ளி நில்; அல்லது ஒரே பாய்ச்சலில் உள்ளே புகு. இரண்டுக்கும் நடுவில் தயங்கி நிற்பவனுக்குத்தான் அடி விழும்.

நம் ஆசானின் வித்தை மட்டுமே வித்தை என்று இறுமாந்திருந்தால் இது விளங்காது. பக்கத்துக் கம்பத்து நண்பனிடம் சீலாட் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். நம் கம்பையும் அவனுக்குக் காட்டட்டும். பகையில்லாமல் அப்படிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது.