எல்லாம் மாயைன்னா கோயில் எதுக்கு?

சேந்தமங்கலம் சந்நியாசிக் கரட்டில் ஏறும்போது நண்பன் கேட்டான்: "எல்லாம் மாயைன்னா, கோயில் எதுக்குடா?"

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைப் பக்கம் போனால் இந்தக் கரடு. 1948-ல் சமாதியான சுயம்பிரகாச அவதூதர் இங்கேதான் வாழ்ந்தார். அவதூதர் என்றால் எல்லாத்தையும் உதறியவர். இவர் உடையைக்கூட விட்டவர். பிரம்மம் ஒன்றே உண்மை என்கிற அத்வைதி. ஆனா தத்தாத்ரேயருக்கு இங்கே கோயில் எழுப்பினார். முரண்பாடா?

ஆதிசங்கரர் கணக்குப்படி இல்லை. இருட்டில் கயிற்றைப் பாம்புன்னு நினைச்சா, பாம்பு பொய். ஆனா நம்ம பயம், வியர்வை எல்லாம் நடக்குதே! விளக்கு வரும்வரை இந்த உலகம் 'வியாவகாரிக' உண்மை. அங்கே பசிக்கும் கோயிலுக்கும் இடம் உண்டு. பிரம்மம் மட்டும் 'பாரமார்த்திக' உண்மை. அவதூதரின் சீடர் சாந்தானந்தரும் பின்னாளில் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமம் அமைத்தார்.

எனக்கு வேலை போனப்போ, "எல்லாம் மாயை, விடு"ன்னு ஆறுதல் சொன்னாங்க. எரிச்சலா வந்துச்சு. ஏன்னு கரட்டில் இருந்து இறங்கும்போதுதான் புரிஞ்சது. இருட்டில் நிற்கிறவன்கிட்ட "பாம்பு இல்லை"ன்னு சொன்னா மட்டும் பத்தாது. யாராவது விளக்கைக் கொண்டுவரணும்.