சாயம் போகும் துணியும் நம் ஊரும்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த பேரன், புதிதாக வாங்கிய ஜீன்ஸ் பேண்ட்டை இரவு வாளியில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். விடியற்காலை இருட்டில் என் மனைவி அதைக் கவனிக்காமல் என் வெள்ளை வேட்டிகள் இரண்டையும் அதே வாளியில் அமுக்கிவிட்டாள். வெளிச்சம் வந்து பார்த்தால் வேட்டிகள் இரண்டும் வான நிறம். நான் சத்தம் போட்டேன். "ஏங்க, வாரா வாரம் சொட்டு நீலம் பத்தலைன்னு சொல்வீங்களே, இந்த வாரம் பத்தும்" என்றாள் அவள். பேரனோ, "தாத்தா, நல்ல டெனிம்னா சாயம் போகத்தான் செய்யும்" என்றான். சாயம் போவதை ஒருவன் பெருமையாகச் சொல்கிறானே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்று மாலை கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நம் புதுச்சேரி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் பிழைத்ததே சாயம் போகும் நீலத் துணியால்தான். அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பிரான்சின் ஆறுகளெல்லாம் மனப்பாடம். தெற்கே நீம் என்ற நகரம், அங்கே ரோமானியர் கட்டிய வட்ட அரங்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவோம். அந்த 'நீம்' என்ற ஊர்ப் பெயரிலிருந்துதான் டெனிம் என்ற சொல் வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் 'த நீம்' என்றால் நீம் ஊரைச் சேர்ந்தது. 'சேர்ழ் த நீம்' என்ற துணியின் பெயர் ஆங்கிலேயர் வாயில் சுருங்கி டெனிம் ஆயிற்று என்பது அந்தக் கதை. ஆனால் அந்தப் பழைய சேர்ழ் கம்பளியும் பட்டும் கலந்து நெய்தது, டெனிமோ பருத்தி. ஆகவே பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம், துணி அங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஜீன்ஸ் என்ற சொல்லுக்கு மூலம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகம். பிரெஞ்சில் அதை ழேன் என்போம்.

இதே வகையில் மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது நம் நாட்டுச் சொல். பம்பாயில் டோங்கிரி என்ற பகுதியில் விற்ற முரட்டுப் பருத்தித் துணியை ஆங்கிலேயர்கள் டங்கரி என்றார்கள். மாலுமிகளும் கூலிகளும் உடுத்திய துணி அது. உழைக்கிறவன் உடுத்துகிற மலிவான, கெட்டியான துணி என்பதுதான் இந்த மூன்று பெயர்களுக்கும் பொதுவானது.

அமெரிக்காவில் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், கூலியாட்களின் கால்சட்டைப் பைகள் அடிக்கடி கிழிவதைப் பார்த்து, பை மூலைகளில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி அனுப்பியவர் சான் பிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸ். இருவரும் சேர்ந்து 1873 மே 20ஆம் தேதி அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். சுரங்கத்திலும் பண்ணையிலும் கிடந்த அந்தக் கால்சட்டை, 1950களில் சினிமா வழியாக வாலிபர்களின் உடையாயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம்.

'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த துணியைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போன துணி என்பதால் அந்தப் பெயர். நம் பக்கத்துக் கிராமங்களில் கைத்தறியில் நெய்து, அவுரி நீலத்தில் கருநீலமாகத் தோய்த்த பருத்தித் துணி அது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் வாங்கிய துணிகளில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவில் அடிமைகளை விலைக்கு வாங்கவும் பயன்பட்டது. நம் நெசவாளிக்கும் சாயக்காரருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

19ஆம் நூற்றாண்டில் அந்தத் துணி செனகல் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே பாலைவனத்து மூர் வணிகர்கள் வேல மரத்துப் பிசினைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாகப் புதுச்சேரி நீலத் துணியை வாங்கிப் போனார்கள். அந்தப் பிசின் பிரான்சின் துணி ஆலைகளுக்கு வேண்டியிருந்தது. துணியில் அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டிப்படுத்த அதைத்தான் கலப்பார்கள். நம் துணி அங்கே நாணயம் போலவே புழங்கியது. இத்தனை பிசினுக்கு இத்தனை கினே என்றுதான் கணக்கு. மூர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். அவுரித் தொட்டியின் வாடை அதில் இருக்க வேண்டும், மேலே ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆலைகள் அதே நிறத்தில் போலி செய்து அனுப்பியும், நெடுங்காலம் அவர்கள் புதுச்சேரிச் சரக்கையே கேட்டு வாங்கினார்கள். உடுத்துகிறவர் தோலிலும் அந்த நீலம் ஏறும். அதை அவர்கள் குறையாக நினைக்கவில்லை.

பேரன் சொன்னதும் இதைத்தான்.

அந்த நீலம் ஏன் ஒட்டாமல் உதிர்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். அவுரி இலையைத் தொட்டியில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்குவார்கள். பச்சையாக இருந்த நீர் மெல்ல நீலமாகி, வண்டல் அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, பிழிந்து, வில்லையாக வெட்டிக் காயவைப்பார்கள். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வில்லை தண்ணீரில் கரையாது. சாயக்காரர் அதைச் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் போட்டுப் புளிக்க வைப்பார். புளித்தால்தான் அது மஞ்சள் பச்சையாகக் கரையும். நூலை அதில் முக்கி எடுத்தால் முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மீண்டும் முக்கி மீண்டும் காற்றில் பிடிக்க, நிறம் ஏறிக்கொண்டே போகும்.

இப்படி ஏறிய நீலம் நூலின் மேற்புறத்தில்தான் அதிகம் தங்கும். உள்ளே நடுநூல் வெளுப்பாகவே இருக்கும். டெனிம் நெய்யும்போது பாவு நூலை மட்டும் நீலத்தில் தோய்த்து, ஊடையை வெள்ளையாக விடுவார்கள். சாய்வரியாக நெய்வதால் நீலம் மேலேயும் வெள்ளை உள்ளேயும் அமையும். ஜீன்ஸைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் வெளுப்பாக இருப்பது இதனால்தான். உடுத்தி உரசும் இடத்தில் மேல் நீலம் உதிர்ந்து உள் வெள்ளை தெரியும். முழங்காலில் ஒரு வெளுப்பு, பர்ஸ் வைக்கும் பையில் ஒரு சதுரம். உடுத்தியவர் எப்படி உட்கார்ந்தார், எங்கே கை வைத்தார் என்பது துணியில் பதிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். வாலிபத்தில் ஓர் ஆலையின் சாயப் பிரிவில் வேலை செய்தவர். நான் சிறுவனாக அவரைப் பார்த்தபோது வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கையில் கறை எதுவும் இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசற்காலில், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத் தழும்பு இருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து, அங்கே கை ஊன்றித்தான் கால் கழுவுவாராம். வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைத் தேய்க்கப் போனபோது, "அது இருக்கட்டும்பா" என்று தடுத்தார். என்ன பெரிய விஷயம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

1820களின் இறுதியில் இங்கே சவானா ஆலை வந்தது. பிறகு மற்ற ஆலைகளும் வந்தன. ஆப்பிரிக்காவுக்குப் போகும் நீலத் துணியும் கைத்தறியிலிருந்து மெல்ல ஆலைக்கு மாறிற்று. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் ரசாயன நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் இந்தியாவின் அவுரி ஏற்றுமதி படுத்துவிட்டது. நம் தென்னாற்காட்டு வயல்களிலோ அந்தக் காலத்தில் மல்லாட்டை பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக மர்செய்யுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளிகள் இறந்ததை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் நீலத்தின் கணக்கில் அதுவும் சேர்ந்தது.

எங்கள் பாடப் புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. பிரான்சின் ஆறுகளைச் சொல்லிக் கொடுத்தவர்கள், நம் துணி போன செனகல் ஆற்றைச் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு ரோமன் ரோலன் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

டெனிம் நம் ஊருக்கு வந்தது பின்னால். 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் வெளுத்த ஜீன்ஸோடு சைக்கிளில் போவதை வேடிக்கை பார்த்திருக்கிறோம். சொல்தா குடும்பங்களில், பிரான்சிலிருந்து வரும் உறவினர் பெட்டியைத் திறந்தால் பையன்களுக்கு ஒரு ஜீன்ஸ் கட்டாயம் இருக்கும். 1980களின் பிற்பகுதியில் அகமதாபாத்தின் அரவிந்த் ஆலை டெனிம் நெய்யத் தொடங்கியது. அதன்பின் நேரு வீதிக் கடைகளிலேயே மலிவாகக் கிடைத்தது.

இப்போது கடையில் தொங்குவதில் பாதி, வாங்கும்போதே வெளுத்தும் கிழிந்தும் இருக்கிறது. உடுத்தி வெளுக்கப் பத்து வருஷம் ஆகும் என்பதால், அந்தப் பத்து வருஷத்தை ஆலையிலேயே ஏற்றி விற்கிறார்கள். துருக்கியில் இதற்காகத் துணியின்மேல் மணலை வேகமாகப் பீய்ச்சினார்கள். மூடிய அறையில் அந்த மணல் தூசியைச் சுவாசித்த வாலிபர்களுக்கு நுரையீரல் கல்லாகும் சிலிக்கோசிஸ் நோய் வந்தது. பலர் இறந்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பல வருஷம் கழித்து வரும் நோய், இவர்களுக்குச் சில வருஷத்தில் வந்துவிட்டது. 2009இல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது. அதைப் படித்த நாளிலிருந்து, வெளுத்த ஜீன்ஸைப் பார்த்தால் எனக்கு அந்த வாசற்காலின் நீலத் தழும்புதான் நினைவுக்கு வருகிறது. உழைப்பின் அடையாளம் உழைத்தவரிடம் இருந்தால் அழகு. வாங்குகிறவருக்கு அந்த அடையாளத்தைப் போட்டுக் கொடுக்க இன்னொருவர் நுரையீரலைக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே பேரனிடம் சில விஷயங்கள் சொன்னேன். அவனும் சில சொன்னான். இருவரும் ஒத்துப்போனவற்றை எழுதுகிறேன்.

வாங்குவதானால் வெளுக்காத கருநீலத் துணியாக வாங்குங்கள். வெளுக்கும் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். டெனிமின் கனத்தை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். பன்னிரண்டு, பதினான்கு அவுன்ஸ் துணி நெடுநாள் உழைக்கும், ஆனால் நம் சித்திரை வெயிலுக்குக் கனம். எட்டு முதல் பத்து அவுன்ஸ் போதும். உட்புறம் திருப்பித் தையலைப் பாருங்கள். பெல்ட் நுழையும் பட்டிகளை இழுத்துப் பாருங்கள். முழங்கால் மடக்க வசதியாக எலாஸ்டிக் நூல் கலந்ததும் உண்டு. நம் வயதுக்கு அது சௌகரியம்தான், ஆனால் நாளடைவில் அந்த இழுவை தளர்ந்துவிடும்.

ஒவ்வொரு முறை உடுத்தியதும் துவைக்க வேண்டாம். காற்றாட மாட்டி வைத்தாலே சில தடவை உடுத்தலாம். துவைக்கும்போது பொத்தானைப் போட்டு, உட்புறம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும். உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். இந்த நீலத்துக்கு அது உதவாது. அது நூலின் மேலேயே தங்கும் நிறம். வெளுப்புப் பொடி கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். வெள்ளை வேட்டியை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வேட்டிகளில் ஒன்று மூன்று தடவை துவைத்ததில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மற்றது இன்னும் இளநீலமாகவே இருக்கிறது. வெளியே கட்டிக்கொண்டு போக முடியாது. தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. வீட்டில் கட்டிக்கொள்கிறேன்.