பதவிப் பெயரற்ற பணி: ஹேவாஹெட்டத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்திலிருந்தே தொடங்குவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. கொயினா மருந்தைத் தரும் சின்கோனா மரத்தையும் அவர் அங்கு வளர்த்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தியாகும். காய்ச்சலுக்கான மருந்துப் பட்டை ஏற்றுமதிப் பண்டமாக வளர்ந்த அம்மலையில், காய்ச்சலுற்ற தொழிலாளிக்கு மருத்துவம் பார்த்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். வாந்திபேதியும் வயிற்றளைச்சலும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இல் இயற்றப்பட்டதன் பின்னரே அரசின் கவனம் ஓரளவு இத்துறைமீது திரும்பியது. ஆயினும், மாவட்ட வைத்தியசாலை தொலைவில் இருந்தது. மலைப்பாதையோ நோயாளிக்குக் கடத்தற்கரியது. 1892இல் டெய்லரே வயிற்றளைச்சலுக்குப் பலியானார். துரையின் நிலையே அதுவெனில் லயத்தில் வாழ்ந்தோரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியோர் இருவர்: தோட்டத்து டிஸ்பென்சர், மருத்துவிச்சி. காயத்துக்குக் கட்டுப்போடுதல், காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தல், எவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தல் ஆகியன முன்னவர் பணி. லயத்து அறையின் மங்கிய விளக்கொளியில் பிள்ளைப்பேறு பார்த்தல் பின்னவர் பணி. மருத்துவர் அருகில்லாதபோது நோயை மதிப்பிட்டு முடிவெடுக்கும் பொறுப்பு இவ்விருவரையும் சார்ந்திருந்தது. ஆனால் அப்பொறுப்புக்கு ஈடான கல்வியோ சட்ட அதிகாரமோ அவர்களுக்கு வழங்கப்படவில்லை. மேலும், ஊதியம் தருவது தோட்ட நிருவாகமாதலால், வேலைக்குச் செல்ல இயலாதவர் யாரெனக் கூறுகையில் டிஸ்பென்சரின் மனச்சான்று இருபுறமும் இழுக்கப்பட்டதும் இயல்பே.

இதே காலத்தில் நாட்டின் பிற பகுதிகளில் நிகழ்ந்த மாற்றம் ஒப்புநோக்கற்பாலது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர் வீடுவீடாகச் செல்லும் முறை அங்கிருந்து பரவலாயிற்று. 1930களில் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு, அந்நூற்றாண்டின் இறுதிக்குள் 100க்கும் கீழே இறங்கியது. மருத்துவரல்லாதோரிடம் முறையான பயிற்சியையும் பொறுப்பையும் சேர்த்தளித்ததன் பயனும் இவ்வெற்றியில் அடங்கும். ஆயின் தோட்ட மக்களின் நலன் நெடுங்காலம் நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டமையால், இதன் முழுப்பயன் அவர்களைக் காலந்தாழ்த்தியே அடைந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை மேலும் ஒதுக்கியது.

உலக அரங்கில், 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாதி லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் புதியதொரு பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் குறைந்த இடங்களில் சிறாரின் நலன் பேணத் தாதியரை ஆயத்தப்படுத்துவதே அதன் குறிக்கோள். அதிலிருந்து வளர்ந்ததே உயர்நிலைத் தாதியர் என்னும் இன்றைய பதவி. 2002இல் சர்வதேசத் தாதியர் பேரவை இதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் முதுநிலைக் கல்வியை வலியுறுத்தியது.

கொலராடோவிலும் ஹேவாஹெட்டவிலும் தேவை ஒன்றே, விடைகள் வேறு. அங்கு பொறுப்புடன் கல்வியும் அதிகாரமும் உயர்ந்தன. இங்கோ செலவைச் சுருக்கும் ஏற்பாடாகவே பொறுப்பு சுமத்தப்பட்டது. எனவே, தோட்டத்து டிஸ்பென்சரை உயர்நிலைத் தாதியரின் முன்னோடியெனப் புகழ்ந்து அமைவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவர் ஆற்றிய பணி பெரிது. அவருக்கு மறுக்கப்பட்டதும் பெரிது. இரண்டையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

இன்று பேராதனையில் தாதியியல் பட்டக்கல்வி உண்டு. அங்கிருந்து ஹேவாஹெட்ட மலை தொலைவிலில்லை. தோட்டத்துத் தாயின் மொழியைப் பேசும், உயர்பயிற்சியும் சட்ட ஏற்பும் பெற்ற தாதியொருவர் அம்மலையேறும் நாளில், பெயரின்றிப் பணியாற்றியோரின் கடன் ஓரளவேனும் தீரும். அந்நாளை விரைவுபடுத்துவதில் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.