அசெம்பிள்டு: ஒரு சொல்லின் தலைகீழ் மாற்றம்

1

'அசெம்பிள்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. 90களில் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வாங்கப்போன யாரும் "பிராண்டடா, அசெம்பிள்டா?" என்ற கேள்வியைச் சந்திக்காமல் திரும்பியிருக்க முடியாது. பிராண்டட் என்றால் கம்பெனிப் பெயர், சீல், ரசீது, வாரண்டி. அசெம்பிள்டு என்றால் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, போர்டு ஓரிடத்தில், ராம் ஓரிடத்தில், கேபினெட் வேறிடத்தில் என்று பொறுக்கி, ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து மாட்டிக்கொடுக்கும் பொட்டி. டெல்லிக்கு நேரு பிளேஸ், பம்பாய்க்கு லேமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்று ஊருக்கொரு தெரு இருந்தது. சிறுபத்திரிகைகள் ஈய எழுத்திலிருந்து டி.டி.பி.க்கு நகர்ந்த காலமும் அதுதான்.

அன்று இந்தச் சொல்லில் ஒரு இளக்காரம் இருந்தது. ஒரே மூலத்திலிருந்து பிறந்தது உசத்தி, பல இடத்துச் சரக்கு சேர்ந்தது மட்டம் என்ற பார்வை அது. தூய்மை/கலப்பு என்ற பழைய எதிர்வுதான் இங்கே கம்ப்யூட்டர் வேஷம் போட்டு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பிராண்டட் பொட்டியைத் திறந்தாலும் உள்ளே இருந்தது பல கம்பெனிகளின் உதிரிகள்தான். மேலே ஒட்டிய பெயர்தான் ஒன்று.

இன்று அதே செயல் மேலே ஏறிவிட்டது. மூன்று, நான்கு லட்சம் ரூபாய் போட்டுக் கேமிங் கம்ப்யூட்டர் கட்டும் இளைஞர் அதை மறைப்பதில்லை. கண்ணாடிக் கதவு வைத்து, வண்ண விளக்கு போட்டு, உள்ளே எது எது இருக்கிறது என்று காட்டுகிறார். அசெம்பிள்டு இப்போது 'கஸ்டம் பில்ட்'. ஏழையின் வேலை வசதிக்காரரின் ரசனையாகியிருக்கிறது. இந்த மாற்றத்தில் 'தேர்வு' என்ற சொல்லாடல் பெரிதாக வளர்ந்ததும், தேர்வதற்கான வெளி சுருங்கியதும் ஒன்றாக நடந்திருக்கின்றன என்பதே நான் சொல்ல வருவது.

2

டி.வி.யையோ ஃபிரிட்ஜையோ யாரும் உதிரிகளாக வாங்கி வீட்டில் மாட்டுவதில்லை. கம்ப்யூட்டரை மட்டும் ஏன் அப்படி மாட்ட முடிகிறது? தொழில்நுட்பத்தின் இயல்பு அப்படி என்பது பதிலல்ல. அது ஒரு வரலாற்று விபத்து. அந்த விபத்தைச் சிலர் விடாப்பிடியாகக் காப்பாற்றினார்கள்.

ஐபிஎம் தனது பி.சி.யை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. ஃப்ளோரிடாவில் ஒரு சிறு குழு ஏறக்குறைய ஒரே வருடத்தில் அதைச் செய்து முடித்தது. அவசரம் காரணமாகப் பெரும்பாலும் வெளிச்சரக்கையே வாங்கிப் போட்டார்கள். பிராசசர் இன்டெல்லின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டுடையது. மற்றவர்கள் துணைக் கார்டுகள் செய்யட்டும் என்று சுற்று வரைபடங்களையும் அச்சிட்டு விற்றார்கள். ஐபிஎம் கையில் தனியுடைமையாக மிஞ்சியது பயாஸ் என்ற சிறு நிரல் ஒன்றுதான். அதையும் புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். காப்புரிமைச் சட்டம் காவலுக்கு நிற்கும் என்ற நம்பிக்கை.

காம்பேக் அந்தக் காவலைத் தாண்டிய விதம் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவாரசியமானது. ஒரு குழு ஐபிஎம்மின் நிரலைப் படித்து, அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுக்கும். மூலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். படித்தவர் எழுதக்கூடாது, எழுதுபவர் படித்திருக்கக்கூடாது. 1982 நவம்பரில் காம்பேக் தன் எந்திரத்தை அறிவித்தது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் ஒரு பயாஸை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் உரிமத்தோடு விற்கத் தொடங்கியது. 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்; அங்கே வக்கீல்களை வைத்து அதை நடத்தியே காட்டிவிட்டார்கள்.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1987இல் பி.எஸ்/2 வரிசையைக் கொண்டுவந்து, கார்டு செருகும் இடத்தையே மாற்றி, அதைப் பயன்படுத்தக் கட்டணம் கேட்டது. மறு வருடம் காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து மாற்று வடிவம் ஒன்றை அறிவித்தன. மூடும் முயற்சி பலிக்கவில்லை. தைவானில் 1986இல் தொடங்கிய எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், 1989இல் தொடங்கிய ஏசூஸ் போன்றவை போர்டுகளைச் செய்து குவித்தன. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவின்படிதான் இன்றும் போர்டின் ஸ்க்ரூ துளைகள் இருக்கின்றன. ரிச்சி தெருப் பையனின் ஸ்க்ரூ டிரைவர் இத்தனை சண்டைகளுக்குப் பிறகே அவன் கைக்கு வந்தது.

3

பொட்டி திறந்தது, விலை வைக்கும் அதிகாரம் திறக்கவில்லை. 1998இல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கான மலிவுச் சரக்கு. போர்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றினால் பெரும்பாலானவை 450இல் நிம்மதியாக ஓடின. அந்த வேகத்துக்கென்று விற்ற பென்டியம் 2 சில்லின் விலை பல மடங்கு. மலிவுக்கும் உசத்திக்கும் நடுவிலிருந்த கோட்டைச் சிலிக்கான் போடவில்லை, வியாபாரி போட்டிருக்கிறார் என்பதைப் பையன்கள் கையாலேயே கண்டுபிடித்தார்கள். 2011இல் கதவு ஏறக்குறைய அடைபட்டது. அதன்பின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெயரின் கடைசியில் 'கே' என்ற எழுத்துள்ள சில்லையும், அதற்கென்று உள்ள போர்டையும் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டும். மீறல் என்பது அனுமதிக்கப்பட்ட மீறலாகி, விலைப்பட்டியலில் ஒரு வரியானது.

போட்டி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 2007 முதல் 2017 வரை சாதாரண வாடிக்கையாளருக்கான இன்டெல் சில்லுகள் நாலு கோரைத் தாண்டவில்லை. 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டுக் கோர் ரைசனைக் கொண்டுவந்தது. அதே அக்டோபரில் இன்டெல்லுக்கும் ஆறு கோர் சாத்தியமாகிவிட்டது!

கிராபிக்ஸ் கார்டின் கதை இன்னும் கூர்மையானது. 90களின் பின்பாதியில் 3டிஎஃப்எக்ஸ், எஸ்3, மேட்ராக்ஸ், ரெண்டிஷன், ஏடிஐ, என்விடியா என்று பல பெயர்கள். 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸின் வூடூ சில்லைப் பல கம்பெனிகள் வாங்கிக் கார்டு செய்தன. 1998 கடைசியில் 3டிஎஃப்எக்ஸ் ஒரு கார்டு கம்பெனியை விலைக்கு வாங்கி, இனி நாமே எல்லாம் செய்வோம் என்று கிளம்பியது. சில்லு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்விடியா பக்கம் போனார்கள். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. 2006இல் ஏடிஐ ஏஎம்டிக்குள் போனது. 2022இல் இன்டெல் உள்ளே வரும்வரை, கேமிங் கார்டுக்குக் கடையில் இரண்டே பெயர்தான். அந்த இரண்டு பேரின் புதிய சில்லுகளையும் வார்ப்பது 1987இல் தொடங்கிய டிஎஸ்எம்சி என்ற ஒரே தைவான் நிறுவனம். ராமில் மிஞ்சியவர்கள் முக்கியமாக மூன்று பேர். அதில் சாம்சங், விலையைக் கூடிப்பேசி வைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 2005இல் அமெரிக்காவில் 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. போர்டின் நுண்ணிய மின்தேக்கிகளில் உள்ள டான்டலம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் கிழக்குக் காங்கோவின் சுரங்கங்கள் வரை போக வேண்டியிருக்கும். கண்ணாடிக் கதவு வழியே அதெல்லாம் தெரியாது.

4

தெரிந்த பிள்ளைகள் சிலர் பட்டியல் எழுதி எடுத்துவந்து "இது சரியா?" என்று கேட்பதுண்டு. இதெல்லாம் முதலாளித்துவ மாயை என்று உபதேசம் செய்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டியலுக்குள் உழைப்பும் அறிவும் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: முதலில் திரையைத் தீர்மானி. நொடிக்கு 60 முறை மாறும் திரையில் 200 ஃபிரேமையும் காட்ட முடியாது. விளையாட்டுக்கென்றால் பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் போகும், போகட்டும். பிராசசரில் கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. 2022இல் ஏஎம்டி எட்டே கோர் உள்ள ஒரு சில்லின் மேல் கூடுதல் கேஷை அடுக்கி விற்றபோது, பல விளையாட்டுகளில் அதைவிட விலைகூடிய பதினாறு கோர் சில்லு பின்தங்கியது. ராம் ஒன்றாக வாங்காமல் ஜோடியாக வாங்கு. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. அது போனா மத்ததையும் சேர்த்துக் கொண்டுபோயிரும்.

ரிச்சி தெரு வழியாகக் கைமாறிய அறிவு இது. எது தேவை, எது வெறும் எண் என்று பிரித்துப் பார்க்கும் அறிவு. இதற்கு எதிராகத்தான் 'உச்சம்' என்ற கதையாடல் கட்டப்படுகிறது. 1996இன் வூடூ கார்டுக்குத் தனி மின்கம்பியே கிடையாது. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கேட்டது 450 வாட். சிலருக்கு அதன் மின் இணைப்பு உருகியபோது, முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்றது என்விடியா. அடுத்த வருடம் அந்த இணைப்பின் வடிவமே திருத்தப்பட்டது. பழி வாங்கியவர் தலையில், திருத்தம் சத்தமில்லாமல். 2025இல் வந்த 5090க்கு 575 வாட். இந்தியாவில் அந்த ஒரு கார்டின் விலையே இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

5

இவ்வளவு கொடுத்தும் இந்த வாடிக்கையாளர் இப்போது முக்கியமானவரல்ல. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் டேட்டா சென்டர் வருமானம் 1500 கோடி டாலர், கேமிங் வருமானம் 900 கோடி டாலர் அளவு. முந்தைய ஆண்டில் கேமிங்தான் மேலே இருந்தது. 2025 டிசம்பரில், உதிரியாக ராம் விற்றுவந்த குருசியல் வியாபாரத்தை நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போகவேண்டுமாம். தெருக்கடைக்கு வரவேண்டிய சிலிக்கான், நம்மால் திறக்கவே முடியாத கட்டிடங்களுக்குள் போகிறது. பல மடிக்கணினிகளில் ராமைக் கழற்ற முடியாதபடி போர்டோடு பற்றவைத்தே விற்கிறார்கள். 1987இல் ஐபிஎம் சட்டத்தையும் கட்டணத்தையும் வைத்துச் செய்யமுடியாமல் போன காரியம் இது.

பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நாம் இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் திறந்து, கழற்றி, வேறொன்றை மாட்டக்கூடிய எந்திரம் என்பதன் கடைசிப் பெரிய சந்தை இந்தக் கேமிங் பொட்டிதான். ஒரு டி.டி.பி. சென்டர்க்காரர் பழைய போர்டை வைத்து இன்னும் மூன்று வருடம் ஓட்டுவதும், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் செகண்ட் ஹாண்டில் பத்துப் பொட்டி சேர்ப்பதும் அந்தச் சந்தை உயிரோடு இருக்கும்வரைதான். பொது அளவுகள், பழுதுபார்க்கும் உரிமை, உதிரிபாகம் கிடைக்கும் உத்தரவாதம் இவையெல்லாம் நுகர்வோர் சங்கத்து விவகாரம் என்று விட்டுவிடக்கூடியவை அல்ல. உற்பத்திக் கருவி யார் கையில் என்ற கேள்வியின் பகுதிகள். நமது கூட்டங்களில் இதுவரை இந்தப் பேச்சு எழுந்ததில்லை. எழ வேண்டும்.