பயணத் தடையும் பூட்டிய கடைகளும்

டொனால்ட் டிரம்ப் 2017 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபரானார். மறுநாளே வாஷிங்டனிலும் பிற நகரங்களிலும் பெண்கள் லட்சக்கணக்கில் பேரணி சென்றனர். ஜனவரி 27 அன்று அவர் பிறப்பித்த ஆணை ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவரும் 90 நாட்களுக்கு அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தது. ஏழுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அப்போது விமானத்தில் வந்துகொண்டிருந்தவர்கள் இறங்கியதும் தடுத்து வைக்கப்பட்டனர்.

மறுநாள் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் மக்கள் திரண்டனர். வழக்கறிஞர்கள் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினர். டாக்சி ஓட்டுநர் சங்கத்தினர் மாலை 6 மணி முதல் 7 மணி வரை சவாரி ஏற்றவில்லை. அன்றிரவே நீதிபதி ஆன் டொனலி, வந்திறங்கியவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றார்.

நம் மனதில் அதிகம் நிற்பது பிப்ரவரி 2ஆம் தேதிதான். தெருமுனையில் மளிகைக் கடை நடத்தும் ஏமனியர்கள் பகல் 12 மணிக்குக் கடையைப் பூட்டினார்கள். இரவு 8 மணி வரை சுமார் ஆயிரம் கடைகள் திறக்கவில்லை. அவற்றில் பல, இரவிலும் மூடாதவை! ஊர்வலம், கோஷம் எல்லாம் சரி. அன்றைய வருமானத்தை விட்டுக்கொடுப்பது வேறு. புரூக்ளினில் கூடி, அங்கேயே தொழுதார்கள். மனைவி மக்களை அழைத்துவர விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அதில் உண்டு.

ஆணையின் மூன்றாவது வடிவத்தை 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என ஏற்றது. இராக்கும் சூடானும் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தன, ஏமன் நீங்கவில்லை. 2021 ஜனவரி 20 அன்று ஜோ பைடன் ரத்து செய்யும்வரை அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன.